வாசற்படிக்கு ஒரு பத்தி

அன்புள்ள ஐயா,

கொருக்குப்பேட்டையில் வசிக்கிறேன், அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துவருகிறேன். ஓர் அரசுத் திட்டம் வெற்றியா தோல்வியா என்று யார், எப்படி மதிப்பிடுவது? அதற்கென்று தன்னாட்சி ஆணையம் அமைத்தால் நிர்வாகம் சீராகுமா? அதிகாரிகளை அடிக்கடி இடமாற்றுவது சரியா? மக்களிடம் விழிப்புணர்வு இல்லாததே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைக்கிறேன்.

க.

அன்புள்ள தம்பி,

இடமாற்றத்தைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள், விடுங்கள். ஆணையமா? 1971 முதல் மாநிலத் திட்டக் குழு இருக்கிறது. தணிக்கைத் துறை இருக்கிறது. திட்டங்களை மதிப்பிடுவதற்கென்றே அரசிடம் தனித் துறையும் உண்டு. இன்னொரு பெயர்ப்பலகை மாட்டி என்ன ஆகப்போகிறது?

உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் என் பாட்டி வீட்டுக்கு மூன்று படி ஏறிப் போவோம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, படிகள் ஒவ்வொன்றாகத் தெருவுக்குள் புதைந்தன. பிறகு வீட்டுக்குள் இறங்கவேண்டியதாயிற்று. ஐப்பசி பிறந்தால் பாட்டி வாசலில் செங்கல் அடுக்கி, சிமென்ட் பூசித் தடுப்புக் கட்டுவாள். எந்தத் தேர்தலுக்கு முன்பு போட்ட தார் அடுப்படிவரை தண்ணீரைக் கொண்டுவந்தது என்று அவளால் சொல்ல முடியும். அவளுக்கா விழிப்புணர்வு இல்லை? நாளை அதிகாரியின் நாற்காலியில் உட்காரப்போகிற நீங்கள் இப்படி எழுதலாமா?

அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். சாலை வேலைக்கு அளவுப் புத்தகம் என்று ஒன்று உண்டு. நீளம், அகலம், கனம் ஆகியவற்றைப் பொறியாளர் அதில் எழுதுவார். அதை வைத்துத்தான் பில் தொகை வழங்கப்படும். தணிக்கைக்கு வருபவர்களும் அதே எண்களைத்தான் சரிபார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருக்கும், வீட்டுக்குள் மட்டும் தண்ணீர் நிற்கும்! வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரம் எவ்வளவு என்பதை எழுத அந்தப் புத்தகத்தில் பத்தியே இல்லை. 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போடவேண்டும் என்று உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. அது என் தெருவில் நடந்ததா என்று எந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது?

எனக்கு வேண்டியது அந்த ஒரு பத்திதான். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு வாசற்படியும் சாலையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி அளக்க வேண்டும். இரண்டையும் வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபையில் உரக்கப் படித்த பிறகுதான் கடைசி பில்லுக்குப் பணம் தர வேண்டும். பகுதி சபைகள் 2022 முதல் கூடுகின்றன. உங்கள் வார்டில் எப்போது கூடுகிறது என்று கேட்டிருக்கிறீர்களா? பள்ளிக் கட்டடமானாலும் குடிநீர்க் குழாயானாலும் இதே கதைதான்: பயன்படுத்துகிறவர் கையெழுத்து இல்லாமல் வேலை முடிந்ததாகிவிடுகிறது.

தேர்வுக்கு நன்றாகப் படியுங்கள். உங்கள் தெருவில் அடுத்த முறை ஜல்லி கொட்டுவதற்கு முன்பு, நாலு வீட்டு வாசலையாவது அளந்து கவுன்சிலரிடம் எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்க மறந்துவிடாதீர்கள்.