சட்டத்தில் அடிக்கடி வரும் சொற்களை எளிமையாகப் புரிந்துகொள்வது எப்படி?

அபிடவிட் (உறுதிமொழியோடு எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்), வக்காலத்து (நமக்காக வாதாட வக்கீலுக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) மாதிரியான சொற்களைக் கண்டுதான் பலரும் மிரளுகிறார்கள். அவற்றால் பெரிய ஆபத்தில்லை. புரியவில்லை என்பது உடனே தெரிந்துவிடும், யாரிடமாவது கேட்டுவிடுவோம். மாட்டிவிடுவது நமக்குத் தெரிந்த சொற்கள்தான்.

நான் மாட்டியது அப்படித்தான். நண்பனின் கடன் பத்திரத்தில் மூன்று பேர் ஜாமீன் கையெழுத்துப் போட்டோம். கையெழுத்துக்கு நேர் மேலே 'கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு' என்று ஒரு வரி. தனித்தனி என்றால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டேன். நண்பன் கட்டாமல் விட்டதும் முழுத் தொகையையும் கேட்டு எனக்கு மட்டும் நோட்டீஸ் வந்தது. அந்த வரிக்கு அர்த்தம், கடன் கொடுத்தவர் எங்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுவதையும் வசூலிக்கலாம் என்பது. கட்டியவர் அப்புறம் மற்றவர்களிடம் அவரவர் பங்கைக் கேட்டு அலைய வேண்டும். வக்கீல் இதை இரண்டே வாக்கியத்தில் சொன்னார். கையெழுத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியது.

'ஜாமீன்' என்ற சொல்லுக்கே இரண்டு முகம். கடனில் அது அடுத்தவருக்காக நாம் ஏற்கும் பொறுப்பு. குற்ற வழக்கில், கைதானவர் வெளியே இருந்தபடி வழக்கைச் சந்திக்கக் கிடைக்கும் அனுமதி. ஜாமீன் கிடைத்தால் வழக்கு முடிந்ததாக அர்த்தமில்லை. அதேபோல் குற்றம் சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி வேறு. தீர்ப்பு வரும்வரை ஒருவரைக் குற்றவாளி என்று எழுதுவது அநியாயம், செய்திகளில் இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

'தள்ளுபடி'க்கும் இரண்டு முகம். கடன் தள்ளுபடி என்றால் கட்ட வேண்டாம். மனு தள்ளுபடி என்றால் கேட்டது கிடைக்கவில்லை.

அப்புறம் 'ஒருதலைப்பட்சத் தீர்ப்பு'. பேச்சு வழக்கில் பாரபட்சம் என்று பொருள். நீதிமன்றத்தில் அப்படி இல்லை. எதிர்த்தரப்பு வராததால் வந்தவர் தரப்பை மட்டும் கேட்டுச் சொன்ன தீர்ப்பு அது. எக்ஸ்பார்ட்டி என்பார்கள். சம்மனை வாங்கி வைத்துவிட்டுப் போகாமல் இருந்தால் இதுதான் நடக்கும். ரத்து செய்யக் கேட்கலாம், ஆனால் அதற்குக் கெடு உண்டு.

இந்தச் சிக்கல் இன்று நேற்று வந்ததில்லை. இங்கிலாந்தில் நீதிமன்றங்களில் பேசிய பிரெஞ்சு மொழி மக்களுக்குப் புரியவில்லை என்று, ஆங்கிலத்தில் வாதாடச் சொல்லி 1362-இல் சட்டமே போட்டார்கள். பதிவேடுகள் லத்தீனைக் கைவிட 1733 ஆகிவிட்டது. 1999-இல் சிவில் வழக்குகளில் வழக்குத் தொடுத்தவரைக் குறிக்கும் 'பிளெயின்டிஃப்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு, கோருபவர் என்று பொருள்படும் 'கிளெய்மன்ட்' என்று வைத்தார்கள்.

நான் இப்போது எந்தப் பத்திரத்தையும் பென்சிலோடுதான் படிக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் யார், யாருக்கு, எதை, எந்தத் தேதிக்குள் என்று எழுதிப் பார்ப்பேன். எழுத முடியாத வரியை வக்கீலிடம் காட்டி, 'இதன்படி நான் என்ன செய்யணும், செய்யாவிட்டால் என்ன ஆகும்?' என்று கேட்பேன். அவர் பதில் சொல்லும்வரை பேனாவை எடுப்பதில்லை.