வெள்ளையை ஏற்றினால் வெளிச்சம் வராது

கேள்வி: அக்ரிலிக்கில் காட்டுக் காட்சிகள் வரைகிறேன். மரங்களுக்கு நடுவே அந்தி வெளிச்சம் தெரிய வேண்டும் என்று மஞ்சளும் வெள்ளையும் ஏற்றிக்கொண்டே போகிறேன். சுண்ணாம்பு அடித்தது போல் ஆகிறதே தவிர, ஒளிர மாட்டேன் என்கிறது. ரொமான்டிக் காலத்து (19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து) ஓவியங்களில் இருக்கும் அந்தக் கனத்த அமைதி எப்படி வருகிறது?

பதில்: முதலில் உங்கள் படத்தை செல்போனில் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அநேகமாக எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். கோளாறு மஞ்சளில் இல்லை, மரங்களில்! அவை போதுமான அளவு இருட்டாக இல்லை.

ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1809-10இல் வரைந்த ‘ஓக் காட்டில் மடாலயம்’ படத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். அசல் பெர்லினில், ஆல்டே நேஷனல்கேலரியில் இருக்கிறது. இலையுதிர்ந்த ஓக் மரங்கள், நடுவே இடிந்த தேவாலயச் சுவர், கீழே பனியில் சவப்பெட்டியோடு போகும் துறவிகள். அவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அடிப்பகுதி அவ்வளவு இருட்டு. மேலே வானம் மஞ்சளாக ஒளிர்கிறது. ஆனால் அந்த மஞ்சளை மட்டும் தனியாக வெட்டிப் பார்த்தால் பழுப்பேறிய பழைய வேட்டி நிறம்தான். கீழே இருக்கும் இருட்டுதான் அதை விளக்காக்குகிறது. சூரியனை எங்கேயும் காட்டவில்லை. விடியலா அந்தியா என்றுகூட அடித்துச் சொல்ல முடியாது. நீங்கள் சொல்லும் கனம் அந்தக் குழப்பத்தில்தான் இருக்கிறது என்பேன்.

விளிம்புகளையும் கவனியுங்கள். உச்சிக் கிளைகள் வானத்தின் மேல் கம்பி போலக் கூர்மையாக நிற்கின்றன. மரத்தடியோ மூட்டத்தில் கரைந்துபோகிறது. இருட்டு எங்கே முடிகிறது என்று கோடு போட்டுக் காட்டவில்லை.

சரி, உங்கள் கேன்வாஸுக்கு வருவோம். டைட்டேனியம் ஒயிட் எதையும் மூடிவிடும், கலந்த நிறத்தின் சூட்டையும் குறைத்துவிடும். அதனால் வெளிச்சம் வேண்டிய இடத்தில் கேன்வாஸின் அடிப்பூச்சான வெள்ளை ஜெஸ்ஸோவை அப்படியே விடுங்கள். எல்லோ ஓக்கரை (மண் மஞ்சள்) கிளேசிங் மீடியத்தில் (வண்ணத்தை ஒளி ஊடுருவும்படி மெலிதாக்கும் கலவை) நீர்க்கக் கலந்து, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு மூன்று நான்கு தடவை பூசுங்கள். அடியிலுள்ள வெள்ளை உள்ளிருந்து ஒளி தரும். ஃப்ரீட்ரிக்கும் ஆயில் வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாகத்தான் ஏற்றினார். மரங்களுக்குக் கறுப்பு டியூபைத் தொடாதீர்கள். பர்ன்ட் அம்பரும் (கரும்பழுப்பு) அல்ட்ராமரைனும் (அடர்நீலம்) சேர்ந்தால் உயிருள்ள இருட்டு கிடைக்கும். அக்ரிலிக் காய்ந்தால் இன்னும் கொஞ்சம் கறுக்கும், எனவே ஈரத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

அப்புறம், இலைக்கு இலை மினுக்கல் வைக்கக் கை துறுதுறுக்கும். அந்த நேரத்தில் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் எடுத்துப் பாருங்கள்.