பென்ஷன் இல்லாத முன்னாள் ராணுவ வீரருக்கு வீட்டுக் கடன் கிடைக்குமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அப்பா 15 வருடம் ராணுவத்தில் இருந்தார், இப்போது செம்பனைக் குலை வெட்டும் கான்ட்ராக்ட், தோட்ட லயத்து வீட்டை விட்டுச் சொந்த வீட்டுக்குப் போக முடியுமா என்று.

முடியும் தம்பி, ஆனால் வழி வேறு. அரசு ஊழியர்களுக்கும் ராணுவத்தினருக்கும் 4 விழுக்காட்டு வட்டியில் பொதுத்துறை வீட்டுக் கடன் வாரியமான எல்பிபிஎஸ்ஏ தரும் கடன் பணியில் இருக்கும்போதே எடுக்க வேண்டியது. தவணை சம்பளத்திலும், ஓய்வுக்குப் பின் பென்ஷனிலும் பிடிக்கப்படும். சாதாரண வீரருக்குப் பென்ஷன் கிடைக்க 21 வருடம் வேண்டும். அதனால் அப்பாவுக்கு அந்தக் கதவு இல்லை.

சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு எஸ்ஜேகேபி என்ற வீட்டுக் கடன் உத்தரவாத நிறுவனம் இருக்கிறது. கடன் கொடுப்பது வங்கி, அதற்கு உத்தரவாதம் அரசாங்கம். குலை வெட்டியதற்குப் பணம் வாங்கிய ரசீதுகளை அலமாரியில் நசுங்க விடாதீர்கள், மாதவாரியாக அடுக்குங்கள். ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையும் எடுத்து வையுங்கள். வருமானத்துக்கு அவைதாம் சாட்சி.

எங்கள் தோட்டத்தில் ஒரு மாமா, ராணுவப் பணியிலிருந்து விடுவித்த சான்றிதழை மழையில் நனையவிட்டு மாதக்கணக்கில் அலைந்தார். அதை முதலில் பத்திரப்படுத்துங்கள். பிறகு முன்னாள் ராணுவ வீரர்கள் விவகாரத் துறையான ஜேஹெச்இவியில் அப்பாவின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பென்ஷன் இல்லாத வீரர்களுக்கான உதவிகளுக்கும் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும்.