ரிமோட்டைக் கடைசியில் வாங்குங்கள்: ஹோம் தியேட்டர் விளக்குக்கு எந்த டிம்மர்?

கேள்வி: மாடியில் 18-க்கு 12 அடி அறையை ஹோம் தியேட்டராக மாற்றுகிறோம். ஃபால்ஸ் சீலிங்கில் 7 வாட் எல்இடி டவுன்லைட் 8, ஓரம் சுற்றி ஸ்ட்ரிப் லைட் போடுகிறோம். சுவரில் வாப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி விளக்கு 2 இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 40 வாட் குண்டு பல்பு 2. உட்கார்ந்த இடத்திலிருந்தே ரிமோட்டில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். சீலிங் போடுபவர் வீடு முழுவதற்கும் ஆட்டோமேஷன் செய்து தருகிறேன், ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார். துபாயில் இருக்கும் மச்சான் அங்கிருந்தே வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். எதை வாங்குவது? சீலிங் ஆட்கள் 20ஆம் தேதி வருகிறார்கள். - ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: ரிமோட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சீலிங்குக்குள் போகப்போகும் டிரைவர் என்ன டிரைவர் என்று முதலில் பார்க்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு என்னிடம் வருபவர்கள்தான் அதிகம்.

டிரைவர் என்பது எல்இடி விளக்கோடு வரும் சின்னப் பெட்டி. சாதாரண டிரைவரின் வேலை, வரும் கரண்ட் ஏறினாலும் இறங்கினாலும் வெளிச்சத்தை ஒரே அளவில் வைத்திருப்பது. இரவில் வோல்டேஜ் இறங்கி ஃபேன் மெதுவாகச் சுற்றும்போதும் எல்இடி மங்காமல் எரிவது இதனால்தான். டிம்மரோ கரண்டை வெட்டி வெட்டி அனுப்பி வெளிச்சத்தைக் குறைக்கப் பார்க்கிறது. ஒன்று குறைக்க, மற்றது விடாமல் ஈடுகட்ட, விளக்கு துடிக்கிறது; "கிர்" என்று சத்தம் போடுகிறது; சில மாதத்தில் டிரைவர் போய்விடுகிறது. ஆகவே "டிம்மபிள்" என்று பெட்டியில் அச்சிட்ட டிரைவர்தான் வேண்டும். கடைக்காரர் வாயால் சொல்வது கணக்கில்லை.

டிம்மரிலும் இரண்டு வகை உண்டு. பழைய வகை கரண்ட் அலையின் முன்பக்கத்தை வெட்டும். குண்டு பல்புக்காகச் செய்தது. மற்றது பின்பக்கத்தை வெட்டும்; பெரும்பாலான டிம்மபிள் எல்இடிக்கு இதுதான் ஒத்துப்போகும். கடையில் "டிரெய்லிங் எட்ஜ்" என்று கேளுங்கள். இந்த ஒரு சொல் போதும். பழைய டிம்மரில் "400 வாட்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு நம் 56 வாட் எம்மாத்திரம் என்று நினைப்பார்கள். அந்த 400 குண்டு பல்புக்கான கணக்கு. அதைவிட முக்கியம், அதில் பலவற்றுக்குக் குறைந்தது 40, 60 வாட் சுமையாவது இருக்க வேண்டும். நான்கே டவுன்லைட்டை மாட்டினால் 28 வாட்தான். விளக்கு மின்மினிப் பூச்சியாகிவிடும். ஃபேன் ரெகுலேட்டரை விளக்குக்கு மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை அந்த வேலையிலிருந்தே நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது, எவ்வளவு தூரம் மங்க வேண்டும் என்பது. மலிவான டிம்மர்கள் 10 சதவீதம் வரைதான் இறங்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் கண் வெளிச்சத்தை மீட்டர் போல அளப்பதில்லை. பாவை விரிந்து ஈடுகட்டிவிடும். மீட்டரில் 10 சதவீதம் என்றால் கண்ணுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம். படம் பார்க்க அது அதிகம், திரையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். 1 சதவீதம் வரை இறங்கினால்தான் கண்ணுக்குப் பத்தில் ஒரு பங்காகத் தெரியும். இந்த எண்ணைக் கேளுங்கள். கேட்டால் பாதிக் கடைகளில் முழிப்பார்கள். எல்இடி பல்பு பெட்டியில் பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கிறது, வாட் இருக்கிறது, எத்தனை ஆயிரம் மணி நேரம் எரியும் என்றும் இருக்கிறது. எந்த டிம்மரோடு ஓடும், எவ்வளவு மங்கும் என்ற இரண்டு வரியை மட்டும் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. காசு கொடுக்கிற ஆளுக்குத் தேவையானதை அச்சிட இவர்களுக்கு இடமே கிடைப்பதில்லை. ராமநாதபுரத்தில் கேட்டால் மதுரைக்குக் கேளுங்கள் என்பார்கள், மதுரையில் கேட்டால் சென்னைக்கு.

அதனால் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே டிரைவர், அதே டவுன்லைட் நான்கு, அதே டிம்மர், மூன்றையும் கவுண்டரில் மாட்டச் சொல்லுங்கள். அடிமட்டத்துக்கு இறக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். காதை அருகே வைத்துச் சத்தம் கேட்கிறதா பாருங்கள். போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்துப் பாருங்கள், துடிப்பு கண்ணில் படாவிட்டாலும் அதில் தெரிந்துவிடும். அப்புறம் அடிமட்டத்தில் வைத்தபடியே அணைத்து, மறுபடி போடுங்கள். சில விளக்குகள் அந்த நிலையில் எரியவே எரியாது. இதற்கெல்லாம் நேரமில்லை என்கிற கடையில் வாங்காதீர்கள்.

இனி சீலிங் போடுபவர். விளக்கையும் அவரே சப்ளை செய்வதாக இருந்தால் மிகவும் கவனம். தொண்டியில் நான் பார்த்துக் கொடுத்த ஒரு வீட்டில், நான் எழுதிக் கொடுத்த டிம்மபிள் டிரைவரைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு, உள்ளே சாதாரண டிரைவரை வைத்துப் பலகையை மூடிவிட்டார் ஓர் இடைத்தரகர். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பெயின்ட் அடித்து, திரை மாட்டி, முதல் படம் போட்ட அன்றுதான் தெரிந்தது. ஜிப்சம் பலகையை ஒன்பது இடத்தில் அறுத்தோம். அந்த வீட்டு அம்மா பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது. விளக்கையும் டிரைவரையும் நீங்களே மாடல் எண்ணோடு ஜிஎஸ்டி பில் போட்டு வாங்குங்கள். வேலையாளுக்குக் கூலி மட்டும் கொடுங்கள். வீடு முழுவதற்கும் ஆட்டோமேஷன் உங்களுக்குத் தேவையில்லை; நீங்கள் கேட்டது ஓர் அறைக்கு.

மச்சானிடம் அன்பாக மறுத்துவிடுங்கள். அமீரகத்திலும் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான்; அந்த வகையில் பாதகமில்லை. சிக்கல் ரேடியோ அலைவரிசையில். இசட்-வேவ் என்ற முறையில் ஓடும் டிம்மர்களுக்கு இந்தியாவில் 865.2, அமீரகத்தில் 868.4, அமெரிக்காவில் 908.4 மெகாஹெர்ட்ஸ். அங்கு வாங்கிய ரிமோட் இங்கு வாங்கிய டிம்மரோடு பேசாது. ஒன்று பழுதானால், அங்கிருந்து சாமான் சுமந்து வரும் அடுத்த குருவி வரும்வரை அறை இருட்டு. அமெரிக்கச் சந்தைக்கான 120 வோல்ட் டிம்மரைக் குருவி மூலம் இறக்கி, மாட்டிய நிமிடமே புகையவிட்ட வீடுகளும் நம் கரையில் இருக்கின்றன.

இப்போது உங்கள் கண்ணாடி விளக்குக்கு வருகிறேன். இதுவரை சொன்னதெல்லாம் இதற்கு மட்டும் பொருந்தாது. குண்டு பல்பில் டிரைவர் கிடையாது. கம்பி சூடாகி எரிகிறது, அவ்வளவுதான். நான்கு பல்பும் சேர்ந்து 160 வாட், பழைய வகை டிம்மருக்கு வேண்டிய குறைந்தபட்சச் சுமையைத் தாராளமாகத் தாண்டிவிடும். நான் எல்இடிக்கு வேண்டாம் என்ற அதே பழைய வகை இதற்கு அருமையாக வேலை செய்யும். குறைக்கக் குறைக்க வெளிச்சம் பொன்னிறமாகிக்கொண்டே போகும். சாதாரண டிம்மபிள் எல்இடியில் அந்த நிறம் வராது. குறைத்து எரித்தால் பல்பின் ஆயுளும் கூடும். ஆனால் மூன்று எச்சரிக்கை. இந்த விளக்கையும் டவுன்லைட்டையும் ஒரே டிம்மரில் சேர்க்காதீர்கள். கம்பி போல் தெரியும் எல்இடி பல்புகள் இப்போது வருகின்றன. ஒரு பல்பு போனதும் அதை மாட்டிவிடாதீர்கள். பழைய விளக்கின் ஹோல்டரும் உள்வயரும் உப்புக்காற்றில் பொடிந்திருக்கும். மாட்டும் முன் புதிதாக வயர் இழுத்து, பித்தளை பாகத்துக்கு எர்த் கொடுங்கள். வாப்பாவின் விளக்கை எல்இடியாக மாற்றச் சொல்லி யார் வற்புறுத்தினாலும் கேட்க வேண்டாம்.

சரி, என்ன வாங்குவது? ஓரத்து ஸ்ட்ரிப்புக்கு 24 வோல்ட் வகை, 12 வேண்டாம். உங்கள் அறையைச் சுற்றி 60 அடி வருகிறது, 12 வோல்ட்டில் கடைசி முனை மங்கிவிடும். அதற்கு ரேடியோ ரிமோட்டோடு வரும் தனி கண்ட்ரோலரும், ஸ்ட்ரிப்பின் மொத்த வாட்டைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான பவர் சப்ளையும் வாங்குங்கள். திரைக்கு அருகில் உள்ள 4 டவுன்லைட்டுக்கு டிம்மரே வேண்டாம், படம் ஓடும்போது அவை அணைந்துதான் இருக்கும். பின்வரிசை 4-க்கு ஒரு டிரெய்லிங் எட்ஜ் மாட்யூல் (சுவிட்ச் போர்டுக்குள் வைக்கும் சின்ன டிம்மர்), கண்ணாடி விளக்குக்குப் பழைய வகையில் ஒன்று. மூன்றையும் ஒரே ரிமோட்டில் இணைக்க முடிகிற ஒரே கம்பெனிப் பொருளாகப் பாருங்கள். டிவி ரிமோட் போன்ற அகச்சிவப்பு வகை நேராகக் காட்டினால்தான் கேட்கும். ரேடியோ வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. போன் ஆப்பும் இன்டர்நெட்டும் இருந்தால்தான் எரியும் என்கிற வகை வேண்டவே வேண்டாம். சுவரில் சுவிட்சும் வேலை செய்ய வேண்டும்.

வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகை என்றால் கண்ணாடி விளக்கு, பின்வரிசை இரண்டையும் அதிலிருந்து பிரித்துவிடுங்கள். அந்த டிம்மர்கள் ஈபி கரண்டில் வரும் வளைவான சைன் அலையை நம்பித்தான் வெட்டுகின்றன.

20ஆம் தேதிக்கு முன் வயர்மேனிடம் மூன்று வேலை சொல்லுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நியூட்ரல் வயர் இழுக்கட்டும். பெரும்பாலான மாட்யூல் அது இல்லாமல் ஓடாது. மொட்டை மாடிப் பக்கமிருந்து போர்டுக்குள் வரும் வயர் பைப்பின் வாயை அடைக்கட்டும். அதன் வழியாகத்தான் உப்பு ஈரம் உள்ளே வந்து செம்பைப் பச்சையாக்குகிறது. பவர் சப்ளையைக் கை எட்டும் இடத்தில், காற்றோட்டமாக வைக்கட்டும். பலகை அடிப்பதற்கு முதல் நாள் இரவு எல்லா விளக்கையும் மாட்டி ஒரு மணி நேரம் அடிமட்டத்தில் எரியவிட்டு, ஒவ்வொரு டிரைவரின் மாடல் எண்ணையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூடும்போது வீட்டு ஆள் ஒருவர் அறையில் இருக்கட்டும்.