பனிப்பூச்சி பக்கத்துப் புகையிலையில் இருந்தா வருகிறது?

கேள்வி (இணுவில்): ஐயா, ஆறு பரப்பு வெங்காயம். மூன்று தரம் மருந்து அடித்தும் பனிப்பூச்சி (த்ரிப்ஸ்) சாகவில்லை, வெங்காயத் தாள் முழுக்க வெள்ளிக் கோடு. பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து குப்பிகளில் பூச்சி பிடித்துப் போனார்கள், மரபணு அடையாளம் உருவாக்கப் போகிறார்களாம். பக்கத்துக் காணிப் புகையிலையில் இருந்துதான் வருகிறது என்று அதில் தெரியுமா? இப்போது எதை அடிக்க?

பதில்: தம்பி, அந்தக் குப்பிகளில் இருந்து இந்தப் போகத்துக்குள் பதில் வராது. டிஎன்ஏயில் இரண்டு மூன்று எழுத்து திரும்பத் திரும்ப அடுக்கி வரும் இடங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும், மைக்ரோசற்றலைற் என்பது அதைத்தான். ஒரு பூச்சியில் அந்த அடுக்கு பத்துத் தரம் வரும், இன்னொன்றில் பதினாலு தரம், அந்த வித்தியாசம்தான் அடையாளம். தேடிப் பிடித்த இடங்களில் பல, எல்லாப் பூச்சியிலும் ஒரே மாதிரி இருந்து உதவாமல் போய்விடும். பொறுமையான வேலை.

ஆனால் உங்கள் சந்தேகம் வெறும் சந்தேகம் இல்லை. வெங்காயப் பனிப்பூச்சியில் மூன்று வம்சம் உண்டு, இரண்டு வெங்காயம், லீக்ஸ் பக்கம், ஒன்று புகையிலைப் பக்கம். லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் பிரிக்க ஏலாது. தாய்வழியாக வரும் மைற்றோகொண்ட்ரியா டிஎன்ஏயில் ஒரு துண்டை வாசித்தால் பிரிந்துவிடும், அது மற்ற வேலையை விடச் சுருக்காக முடியும். அதுவரை பக்கத்துக் காணிக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

நீங்கள் கேட்காமல் விட்டதைத்தான் நான் கேட்கிறேன். விதை வெங்காயம் எங்கே வாங்கினீர்கள்? இந்தப் பூச்சியின் ஒரு வம்சத்துக்கு ஆணே தேவையில்லை, பெண் தனியாகவே பெண்களைப் பெறும். கொட்டிலில் தொங்கவிட்ட வெங்காயக் கட்டுக்குள், வெங்காயத்தின் கழுத்து இடுக்கில் ஒன்று உயிரோடு ஒளிந்து வந்தால் போதும், அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்கள் ஆறு பரப்பையும் பிடித்துவிடும். அப்படி வந்ததென்றால் உங்கள் தோட்டத்துப் பூச்சியும் விதை தந்தவர் தோட்டத்துப் பூச்சியும் எல்லா அடையாளத்திலும் ஒத்து நிற்கும். அதைக் காட்டத்தான் இந்த ஆராய்ச்சி. விதை வந்த ஊர் தெரியாவிட்டால் பிள்ளைகள் எதோடு ஒப்பிடுவார்கள்? நான் போகிற தோட்டம் எல்லாம் இதைக் கேட்கிறேன், 'சந்தையில் வாங்கினது' என்பதுதான் பதில். விலை குறைவு என்று ஊர்பேர் தெரியாத வெங்காயக் கட்டுகளை வாங்காதீர்கள். வாங்கினால் நடுவதற்கு முன் ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, காய்ந்த சருகைக் கழித்து எரியுங்கள், சருகைத் தோட்ட மூலையில் கொட்டி வைக்கிற பழக்கத்தை விடுங்கள்.

சரி, மருந்து. மூன்று போத்தலின் படமும் அனுப்பியிருந்தீர்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்டா சைஹலோத்ரின். மூன்று நிறம், மூன்று விலை, ஒரே குடும்பம். பூச்சியின் நரம்பில் உள்ள ஒரு வாசலைத்தான் மூன்றும் தாக்கும். அந்த வாசலுக்கான மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறிய பூச்சிகள் இந்தக் குடும்பத்துக்கே தப்பும். மற்றதைக் கொன்று, தப்பினதற்கு இடம் விட்டுக் கொடுத்தது நீங்கள் அடித்த மருந்து. 'இது புதுசு, பலமானது' என்று அதே குடும்பத்தை மூன்றாம் தரமும் விற்ற கடைக்காரர் உங்களுக்குச் செய்தது அநியாயம். பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், சின்ன எழுத்தில் இருக்கும் செயற்படு பொருளை வாசியுங்கள், 'த்ரின்' என்று முடிந்தால் திருப்பிக் கொடுங்கள். ஸ்பினோசாட் மாதிரி வேறு குடும்பத்தில் வெங்காயத்துக்கு எது பதிவாகி இருக்கிறது என்று விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, பின்னேரத்தில், குருத்து இடுக்கு நனைய அடியுங்கள். முட்டை தாளுக்குள் இருக்கும், கூட்டுப்புழு மண்ணுக்குள், அதனால் ஒரே அடியில் துப்புரவாகாது. தூவல் இறைப்பு இருந்தால் அதையும் பாவியுங்கள், தண்ணீர் நிறையப் பூச்சியைக் கழுவி விழுத்தும்.

அப்புறம், அந்தப் பிள்ளைகளை இன்னொரு தரம் கூப்பிடுங்கள். மருந்து அடித்து இரண்டு நாளால் உயிரோடு நிற்கும் பூச்சியை வெள்ளைக் காகிதத்தில் தட்டி, தூரிகையால் எடுத்து, 95 சதவீத எதனோலில் போடச் சொல்லுங்கள், போமலின் டிஎன்ஏயைக் கெடுத்துவிடும். உங்கள் வெங்காயத்துக்கு ஒரு குப்பி, பக்கத்துப் புகையிலைக்கு ஒரு குப்பி, விதை தந்தவர் தோட்டத்துக்கு ஒரு குப்பி. ஒவ்வொன்றிலும் திகதியும் கடைசியாக அடித்த மருந்தும் பென்சிலால் எழுதிப் போடுங்கள், பேனா மை எதனோலில் கரைந்து போகும்.