திருப்பூரிலிருந்து பீதம்பூருக்கு வேலை: மாதம் 80,000 என்றால் கையில் எவ்வளவு?

கேள்வி: அவிநாசி பக்கம் சொந்த வீடுங்க. திருப்பூர் பனியன் கம்பெனி ஒண்ணுல புரொடக்‌ஷன் மேனேஜரா இருக்கேன். நாலு வருஷம் அஞ்சு மாசம் ஆச்சு. பிடித்தம் போக 46,000 கைக்கு வருது. மனைவி அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போறாங்க, 14,000. மத்தியப் பிரதேசத்துல பீதம்பூர்ல புதுசா ஆரம்பிக்கிற கார்மெண்ட்ஸ் யூனிட்டுக்குக் கூப்பிடறாங்க, மாசம் 80,000 சிடிசி. பெரியவள் எட்டாவது, சின்னவன் நாலாவது. அப்பா அம்மா காங்கயம் பக்கம் தோட்டத்துல இருக்காங்க. வீட்டுக் கடன் ஓடிட்டிருக்கு. ஆஃபர் லெட்டரும் சம்பள விவரமும் இதோட அனுப்பியிருக்கேன். போலாங்களா?

பதில்: இந்த லெட்டரை வைத்துக்கொண்டு போக வேண்டாம். மூன்று விஷயங்களைத் திருத்தி வாங்க முடிந்தால் போகலாம், அதுவும் முதலில் நீங்கள் மட்டும். ஏன் என்பது சம்பளத் தாளிலேயே இருக்கிறது.

சிடிசி என்றால் கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு, கைக்கு வரும் சம்பளம் அல்ல. அந்த 80,000 எப்படி வந்தது என்று பாருங்கள். பேசிக் 40,000, வீட்டு வாடகைப்படி 12,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 8,276. மாதாமாதம் நிச்சயமாக வருவது இந்த மூன்றும்தான், கூட்டினால் 60,276. மீதியில் கம்பெனி கட்டும் பிஎஃப் 1,800, கிராஜுவிட்டி 1,924, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 1,000, 'பெர்ஃபார்மன்ஸ் பே' 15,000. உங்கள் பங்கு பிஎஃப் 1,800, தொழில் வரி மாதம் 200 சொச்சம் கழிந்தால் கைக்கு வருவது 58,000 சொச்சம். புதிய வரி முறையில் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 12.75 லட்சம் வரை வருமான வரி இல்லை என்பதால் அந்தப் பிடித்தம் இருக்காது. கிராஜுவிட்டி என்று போட்டிருக்கும் 1,924 ஐந்து வருடம் இருந்தால்தான் உங்களுடையது. தீபாவளி போனஸ் பற்றி லெட்டரில் ஒரு வார்த்தையும் இல்லை.

ஆக, இப்போதைய சம்பளத்தைவிட 12,000 கூடுதல். நீங்கள் மட்டும் போனால் அங்கே ஒரு ரூம் 7,000, சாப்பாடு 6,000, வருடத்தில் நாலு தடவை ஊருக்கு வந்து போக மாதத்துக்கு 2,000 என்று வையுங்கள், 15,000 போய்விடுகிறது. இங்கே வீட்டுச் செலவு ஒன்றும் குறையாது. மாதம் 3,000 நஷ்டம். குடும்பத்தோடு போனால்? இன்று இருவர் சம்பளமும் சேர்ந்து 60,000. அங்கே உங்கள் 58,000, அவிநாசி வீட்டை வாடகைக்கு விட்டு ஒரு 9,000, ஆக 67,000. இந்தூர் பக்கம் பள்ளிக்கூடத்துக்குத் தோதான இடத்தில் வீட்டு வாடகை 13,000 என்றால் மிச்சம் 54,000. அட்மிஷன் செலவும் சாமான் ஏற்றிப்போகும் செலவும் தனி. வாடகையையும் சாப்பாட்டையும் நாங்கள் குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறோம். அங்கே விசாரித்து உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கூடக்குறைய இரண்டாயிரம் மாறுமே தவிர, கணக்கு தலைகீழாகாது.

'அதுதான் 15,000 பெர்ஃபார்மன்ஸ் பே இருக்கிறதே' என்பீர்கள். இங்கேதான் நின்று பார்க்க வேண்டும். லைன் எஃபிஷியன்சி 60 சதவீதம் தொட்டால்தான் அந்தப் பணம் என்று லெட்டரின் இரண்டாம் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். 30 டெய்லர் உள்ள ஒரு லைனில், ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டுக்கு எஸ்ஏஎம் (ஒரு பீஸ் தைக்க ஆகும் நிலையான நேரம்) 6 நிமிடம் என்று வைத்தால், 480 நிமிட ஷிஃப்டில் நூறு சதவீதம் என்பது 2,400 பீஸ். 60 சதவீதம் என்றால் 1,440. திருப்பூரில் கை பழகிய டெய்லர்களை வைத்து இதை எடுப்பது உங்களுக்குப் பெரிய காரியமில்லை. மிஷினையே முதல்முறை பார்க்கிற பெண்களையும் பையன்களையும் வைத்து ஆரம்பிக்கிற யூனிட்டில், முதல் சில மாதங்களுக்கு 30 சதவீதம், அதாவது 720 பீஸ் வந்தாலே நல்ல லைன் என்பார்கள்.

ஆள் பழகவில்லை என்பது மட்டும் காரணமில்லை. திருப்பூரில் ஓவர்லாக் லூப்பர் உடைந்தால் பையனை வண்டியில் அனுப்பி அரை மணி நேரத்தில் வாங்கிப் போட்டுவிடலாம். கழுத்துக்கு வைக்கும் ரிப் துணி பத்தாவிட்டால் பக்கத்து யூனிட்டில் கேட்கலாம். காஜா பட்டன், பிரிண்டிங், எம்பிராய்டரி எல்லாம் ஜாப் ஒர்க்குக்குக் கூப்பிடு தூரத்தில். லைன் ஓடுவதில் பாதி உங்கள் சாமர்த்தியம், மீதி ஊர் செய்கிற வேலை. அந்த மீதி உங்களோடு ரயில் ஏறி வராது. பீதம்பூர் இந்தூரை ஒட்டிய பெரிய தொழிற்பேட்டைதான். ஆனால் வாகனத்துக்கும் மருந்துக்கும் பேர்போன இடம், பின்னலாடைக்கு அல்ல. அது இருக்கும் மால்வா பகுதி சோயா விளைகிற பூமி. செப்டம்பர், அக்டோபரில் சோயா அறுப்பு, மார்ச், ஏப்ரலில் கோதுமை அறுப்பு, நடுவில் ஹோலி, கல்யாண சீசன். அட்டெண்டன்ஸ் சரிகிற மாதங்களை இப்போதே காலண்டரில் குறித்துக்கொள்ளலாம். பொங்கல் சமயத்தில் வெளியூர் டெய்லர்கள் ஊருக்குப் போனால் லைன் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக இந்தத் திசையே வீண் என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசு அறிவித்த ஏழு பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்காக்களில் நம் விருதுநகர் ஒன்று, மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டம் ஒன்று; பீதம்பூரும் அதே மாவட்டம். தார் பூங்காவுக்கு 2025 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். தைக்கத் தெரிந்த ஊரிலிருந்து மேனேஜர்களை அழைத்துப் போவது இனி கூடத்தான் செய்யும். அதனால் பேரம் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது.

கேட்க வேண்டிய திருத்தங்களில் முதலாவது அந்த 15,000. முதல் 12 மாதத்துக்கு அதை நிலையான சம்பளமாகத் தர வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால், 30 சதவீதத்தில் கால்வாசி, 45இல் பாதி, 60இல் முழுசு என்று படிப்படியாக வைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, முதல் வருடம் ரூமும் மெஸ்ஸும் கம்பெனி பொறுப்பு, கூடவே நாலு தடவை ஊருக்கு வந்து போகிற டிக்கெட். மூன்றாவதைத்தான் பலர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள்: வேலையை விடுகிற விதி. உங்கள் லெட்டரில் நீங்கள் விலகினால் 60 நாள் நோட்டீஸ், அவர்கள் அனுப்பினால் 7 நாள். ஒரு வருடத்துக்குள் 'எந்தக் காரணத்தால்' பிரிந்தாலும் இடமாற்றச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. ஆர்டர் வராமல் அவர்களே லைனை மூடினாலும் பணத்தை நீங்கள் கட்ட வேண்டும் என்று அர்த்தம். இரு பக்கமும் ஒரே நோட்டீஸ் காலம், நீங்களாக விலகினால் மட்டுமே திருப்பித் தருவது என்று மாற்றச் சொல்லுங்கள். போனில் 'பார்த்துக்கலாம்' என்பது போதாது. திருத்திய லெட்டர் கையில் வர வேண்டும். முதல் இரண்டும் கிடைத்தால் மாதம் 73,000 கைக்கு வரும், ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் செலவில்லை. இன்றைய 46,000த்தோடு ஒப்பிட அப்போது ஒரு அர்த்தம் இருக்கும்.

சேருவதற்கு முன் இரண்டு நாள் நேரில் போய்ப் பாருங்கள். எத்தனை மிஷின் இருக்கிறது என்பதைவிட எத்தனை மிஷினில் ஆள் உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணுங்கள். கடந்த மூன்று மாத அட்டெண்டன்ஸைக் காட்டச் சொல்லுங்கள். மிஷின் மெக்கானிக்கிடம் ஐந்து நிமிடம் பேசினால், மேனேஜ்மெண்ட் ஒரு மணி நேரத்தில் சொல்லாதது தெரியும். வீட்டிலிருந்தே செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. பிஎஃப் நிறுவனமான இபிஎஃப்ஓவின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் ஒவ்வொரு மாதமும் எத்தனை பேருக்குப் பிஎஃப் கட்டினார்கள், எந்தத் தேதியில் கட்டினார்கள் என்று காட்டும். யூனிட் புதிது என்பதால் தாய்க் கம்பெனியின் பெயரில் பாருங்கள். பிஎஃப்பையே இழுத்தடித்துக் கட்டுகிற இடம் சம்பளத்தையும் இழுத்தடிக்கும்.

எப்போது போவது என்பதும் பணம்தான். இப்போதைய கம்பெனியில் நாலு வருடம் ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. ஐந்து வருடம் நிறைந்தால் கிராஜுவிட்டி உண்டு: கடைசி பேசிக்கை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்க வேண்டும். உங்கள் பேசிக் 24,000 என்றால் 69,231 ரூபாய். இன்று விலகினால் பூஜ்யம். ஐந்தாம் வருடத்தில் 240 நாள் முடிந்தாலே உரிமை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருந்தாலும், பல கம்பெனிகள் முழு ஐந்து வருடம்தான் கேட்கும். வழக்காடி வாங்குவதைவிட ஏழு மாதம் பொறுப்பது லேசு. புதுக் கம்பெனி அவ்வளவு நாள் காத்திருக்காது என்றால், அந்த 69,000த்தை ஜாயினிங் போனஸாகக் கேளுங்கள். கேட்பதற்கு நியாயமான காரணம் அது.

பிள்ளைகளில் சின்னவனைப் பற்றிக் கவலை வேண்டாம், நாலாவது படிக்கிற பையன் ஆறு மாதத்தில் இந்தி பேசிவிடுவான். பெரியவளுக்குத்தான் சிக்கல். ஸ்டேட் போர்டில் படித்தவளை சிபிஎஸ்இ பள்ளியில் நேராகப் பத்தாவதில் சேர்ப்பது கடினம். ஒன்பதாவதும் அதே போர்டில் படித்திருக்க வேண்டும் என்பார்கள். ஆகவே வருகிற ஒன்பதாவதில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இங்கேயே பத்தாவது முடித்துவிட்டுப் பதினொன்றில் போக வேண்டும். ஒன்பதாவதில் இந்தியை அ, ஆவிலிருந்து ஆரம்பிப்பது அவளுக்கு இரட்டைச் சுமை. சிபிஎஸ்இயில் தமிழ் ஒரு பாடமாக உண்டு. சொல்லித்தர ஆசிரியர் உள்ள பள்ளி அந்தப் பக்கம் கிடைப்பது அரிது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தால் தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் நேட்டிவிட்டி சர்டிபிகேட் கேட்பதில்லை; வெளியே படித்தால் வாங்கி வைக்க வேண்டும். நம் சாதிச் சான்றிதழை வைத்து அந்த மாநிலத்து இட ஒதுக்கீட்டில் சேர முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். அவள் பத்தாவது முடிக்கிறவரை குடும்பம் அவிநாசியிலேயே இருக்கட்டும் என்பதுதான் எங்கள் கருத்து. உங்கள் மனைவி வேலையை விடவும் இப்போது அவசியமில்லை.

காங்கயத்தில் பெற்றோர் இருப்பதால் காப்பீட்டைக் கவனியுங்கள். கம்பெனி பாலிசியில் பெற்றோரைச் சேர்ப்பார்களா, திருப்பூர், கோவை ஆஸ்பத்திரிகளில் கேஷ்லெஸ் உண்டா என்று பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். திடீரென்று கிளம்பி வர வேண்டியிருந்தால், ஈரோடு வழியாக இந்தூருக்கு நேரடி ரயில் வாரத்துக்கு ஒன்றுதான். மற்ற நாளில் போபால் போய் மாறி ஏற வேண்டும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். தீபாவளிக்கு அங்கேயும் விடுமுறை உண்டு. பொங்கலுக்கு இருக்காது, ஜனவரியில் நாலு நாள் லீவு என்று சேரும்போதே பேசிவிடுங்கள்.

பிஎஃப் பணத்தை எடுக்காதீர்கள். யுஏஎன் (உங்கள் நிரந்தர பிஎஃப் எண்) அதேதான், கணக்கை மாற்றினால் போதும். மொத்த சர்வீஸ் ஐந்து வருடம் ஆகுமுன் எடுத்தால் வரி விழும், பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருடக் கணக்கும் அறுந்துபோகும். பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதியாவிட்டால் மாற்றம் பாதியில் நிற்கும். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம். ரேஷன் கார்டில் கை வைக்க வேண்டாம், குடும்பம் இங்கேதான் இருக்கிறது.

டிஎன் 39 பைக்கை ரயிலில் ஏற்றிவிட வேண்டாம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்குள்ள ஆர்டிஓவிடம் 28ஆம் எண் படிவத்தில் தடையின்மைச் சான்று வாங்கி, அங்கே மறுபதிவு செய்து, வரியும் கட்ட வேண்டும். வண்டி லோன் முடியவில்லை என்றால் பைனான்ஸ்காரரின் சம்மதமும் வேண்டும். முதல் வருடம் கம்பெனி பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ போய்வாருங்கள். தங்குவது என்று முடிவானபின் அங்கேயே ஒரு பழைய வண்டி வாங்குவது செலவு குறைவு.