பேசுபவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஒரு மொழி எப்படி அழிகிறது?

கடைசி ஆள் சாகும்போது மொழி சாவதில்லை. பெற்றோர் தம் பிள்ளையிடம் வேறு மொழியில் பேசத் தொடங்கும் அன்றே அதன் முடிவு ஆரம்பமாகிவிடுகிறது. பள்ளியும் வேலையும் நீதிமன்றமும் இன்னொரு மொழியில் இருந்தால், பிள்ளை பிழைத்துக்கொள்ளட்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கருங்கடலின் கிழக்குக் கரையில் பேசப்பட்ட உபிக் மொழியையே பாருங்கள். 80க்கும் மேற்பட்ட மெய்யொலிகள். உயிரொலிகளோ இரண்டு மூன்றுதான். 1864இல் ரஷ்யப் பேரரசு அந்த மக்களை விரட்டியது. உஸ்மானியப் பேரரசில் சிதறிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் துருக்கியும் அண்டை இனத்தாரின் சர்க்காசிய மொழிகளும் பேசி வளர்ந்தார்கள். சரளமாகப் பேசிய கடைசி மனிதர் தெவ்பிக் எசெஞ்ச் 1992இல் காலமானார். பெற்ற மகன்களே அவரோடு உபிக்கில் உரையாட முடியாத நிலை. இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

ஆனால் பெரிய மொழி வந்தாலே சின்ன மொழி ஒழிந்துவிடும் என்றில்லை. தென் அமெரிக்க நாடான பராகுவேயில் ஸ்பானியத்தோடு குவாரனி என்ற பழங்குடி மொழியும் ஆட்சிமொழி. பழங்குடியினர் அல்லாதவர்களும் வீட்டில் அதைப் பேசுகிறார்கள். வீடு கைவிடாதவரை மொழிக்கு உயிர் இருக்கும்.

வீட்டில் விட்டுப்போனால்? நியூசிலாந்தில் மாவோரி மக்கள் 1982இல் மழலையர் கூடங்களைத் தொடங்கி, மொழி தெரிந்த பாட்டி தாத்தாக்களைக் குழந்தைகளோடு உட்காரவைத்தார்கள்.